படிக்காமல் மடை திறக்காது: டெல்டா தொடக்கப்பள்ளி ஒன்றில் திரைவழி வாசிப்பு

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு டேப்பில் வாசிப்புச் செயல்பாடுகள் செய்து கொடுத்தோம். எந்த வடிவம் அவர்களைப் படிக்க வைத்தது, எது வெறுமனே தொட வைத்தது, ஏன் அப்படி ஆனது என்பதை இங்கே எழுதுகிறேன். இடம் திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். பாடம் நடத்தியவர்கள் அங்கிருக்கும் இரண்டு டீச்சர்கள். செயல்பாடுகளைத் திட்டமிட்டு உருவாக்கும் வேலையில் நான் கூட இருந்தேன்.

பள்ளியும் பிள்ளைகளும்

இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும். 2022 ஜூனில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (மேல் நிலை) என்று அவரவர் நிலையை வைத்துப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இன்னும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை உண்டு. முதல் வகுப்பிலேயே ஒரு பத்தியைக் கடகடவென்று படித்துவிடும் பிள்ளையும் உண்டு. எல்லாருக்கும் ஒரே திரையைக் காட்டினால் பாதிப் பேருக்கு அலுப்பு, பாதிப் பேருக்குப் பயம்.

கையிலிருந்த கருவிகள் கொஞ்சம்தான். டீச்சர்களின் டேப், பழைய டேப் ஒன்று, வகுப்பறையில் ஒரு பெரிய திரை. இணையம் இருக்கிறது என்று கணக்கில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மின்சாரமே வந்து வந்து போகும். அதனால் எதைச் செய்தாலும் டேப்புக்குள்ளேயே கோப்பாக இருக்க வேண்டும், இணையத்தைத் தேடக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

நேரம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பாடவேளையில் ஏற்கெனவே பயிற்சிநூல், செயல்பாடு, பதிவு என்று நெருக்கடி. வழி காட்டியது காலை உணவு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று, பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தின் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதன்பின் இந்தப் பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரமாக வருகிறார்கள். நடவுக்கும் களைக்கும் போகும் அம்மாக்களும் விடிந்ததும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவியபின் மணி அடிக்கும் வரை கொஞ்ச நேரம் இருக்கும். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டோம்.

தவளை கத்தியது, கதை எங்கே?

டேப்பில் ஏற்கெனவே ஒரு கதைச் செயலி இருந்தது. பெயர் வேண்டாம். அதைப் போன்றவை ஏராளமாக இருக்கின்றன. அழகான படங்கள், இனிமையான இசை, எதைத் தொட்டாலும் ஏதாவது அசையும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். முதல் பக்கத்தில் குளம். தவளையைத் தொட்டான், கத்தியது. மறுபடி தொட்டான். தாமரையைத் தொட்டான், விரிந்தது. அம்புக்குறியை அழுத்தினான், அடுத்த பக்கம். படத்தின் கீழே இரண்டு வரி இருந்தது. அவன் கண் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் கைதட்டல் ஓசையுடன் மூன்று நட்சத்திரங்கள். "என்னடா கதை?" என்று டீச்சர் கேட்டார். "தவளை கத்துச்சு டீச்சர்" என்றான். அவன் சொன்னது சரிதான். அந்தச் செயலி அவனிடம் வேறு எதையும் கேட்கவேயில்லை.

இது ஒரு பிள்ளையின் கதையோ ஒரு செயலியின் கதையோ கிடையாது. சிறுவர் மின்கதைகளைப் பற்றி 2015இல் டகாச்ஸ், ஸ்வார்ட், ஆட்ரியானா பஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். கதையோடு ஒட்டி வரும் அசைவும் ஓசையும் பிள்ளைக்குக் கதை புரிய உதவுகின்றன. தொட்டால் துள்ளும் பொம்மைகளும் கதைக்கு நடுவே வரும் விளையாட்டுகளும் கவனத்தைச் சிதறடிக்கின்றன. இதுதான் அவர்கள் கண்டது. 2021இல் ஃபுரேனஸ், குசிர்கோவா, பஸ் ஆகியோர் காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்ட 39 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் அதே திசைதான். அச்சுப் புத்தகத்தை அப்படியே திரைக்கு மாற்றினால் பிள்ளைக்குப் புரிவது குறைகிறது. கதையின் பொருளுக்குத் துணைபோகும் அம்சங்களைச் சேர்த்தால் திரை முந்திவிடுகிறது. ஆக, திரை நல்லதா கெட்டதா என்று மோதிக்கொள்வதில் பயனில்லை. பிள்ளையின் விரலும் கண்ணும் திரையில் எதன்மேல் போகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதை வைத்து ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டோம்: படிக்காமலே முடித்துவிட முடிகிற எதுவும் வாசிப்புச் செயல்பாடு ஆகாது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தால் திரையில் எழுத்து இருக்கும் இடத்தை மூடிவிட்டு, பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். எழுத்தைப் பார்க்காமலே அவனால் சரியான விடைக்குப் போக முடிந்தால் அந்தச் செயல்பாட்டைத் தள்ளிவிடலாம். டீச்சர்கள் கைவசம் வைத்திருந்த பலவற்றையும் இப்படிப் பார்த்தோம். படத்தோடு படத்தைப் பொருத்துவது, எழுத்தின் நிறத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடக்கூடியது, குரல் சொல்லித் தந்ததைக் கேட்டுத் தொடுவது என்று பெரும்பாலானவை நின்றுபோயின. கடைசி வகை கேட்கும் பயிற்சி. அதற்கும் இடம் உண்டு, ஆனால் வாசிப்பு என்ற பெயரில் வேண்டாம்.

மடை திறக்கும் விளையாட்டு

ஜூன் 12 என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும், வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறாகப் பிரிந்து, வாய்க்கால் வழியாக ஊருக்கு வந்து சேரும் வரை வீட்டில் அதே பேச்சாக இருக்கும். எனவே முதல் செயல்பாட்டைத் தண்ணீரிலிருந்தே எடுத்தோம்.

திரையில் ஒரு வாய்க்கால், நான்கு வயல்கள், அவற்றுக்குத் தண்ணீர் விடும் நான்கு மடைகள். வயல்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எது யாருடையது என்பது எழுத்தில் மட்டுமே இருக்கும்: தாத்தா வயல், மாமா வயல், அத்தை வயல், பெரியம்மா வயல். ஒவ்வொரு முறையும் பெயர்கள் இடம் மாறும், அதனால் இடத்தை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. முதலில் ஒரு வாக்கியம் மட்டும் முழுத்திரையில் வரும். அதைப் படித்தபிறகுதான் வயல்கள் தெரியும்.

தொடக்கத்தில் "தாத்தா வயலுக்குத் தண்ணீர் விடு" என்பது போன்ற எளிய வாக்கியங்கள். அப்புறம் "மாமா வயலுக்குத் தண்ணீர் விடாதே. அத்தை வயலுக்கு விடு" என்று வரும். தமிழில் வாக்கியத்தின் முடிவு வினையில்தான் இருக்கிறது. முதல் சொல்லைப் பார்த்ததுமே ஊகித்துக்கொண்டு ஓடும் பிள்ளை 'விடு', 'விடாதே' என்ற வித்தியாசத்தில் மாட்டிக்கொள்வான். வாக்கியத்தின் கடைசி வரை கண்ணைக் கொண்டுபோகும் பழக்கத்தை இந்த ஒரு ஜோடி வினை ஏற்படுத்தியது. அதட்டிச் சொல்லி அதைக் கொண்டுவர முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தவறாகத் தொட்டால் என்ன ஆகும் என்பதில் நிறைய யோசித்தோம். 'தவறு' என்று சிவப்பு எழுத்தோ 'டொய்ங்' என்ற ஓசையோ வைக்கவில்லை. மாமா வயலில் கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கிறது. அங்கே மடையைத் திறந்தால் தண்ணீர் ஏறி, பயிர் மெல்லச் சாயும். அவ்வளவுதான். வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. "ஐயையோ, சாஞ்சிருச்சுடா, அறுக்க முடியாது!" என்று பதறி அவர்களே 'மறுபடி படி' என்ற பொத்தானுக்குப் போனார்கள். சரியாகத் திறந்தால் வயலில் தண்ணீர் பரவும், கொக்குகள் வந்து இறங்கும். மதிப்பெண் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, ஓடும் கடிகாரம் கிடையாது. கடிகாரம் வைத்தால் பிள்ளைகள் வேகமாக அழுத்துவார்கள், வேகமாகப் படிக்க மாட்டார்கள்.

ஒரு டேப்புக்கு இரண்டு பேர் என்பதுதான் அங்கே நிலைமை. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் விளையாட்டின் விதியாகவே மாற்றிவிட்டோம். இருவரும் எதிரெதிராக உட்கார வேண்டும். வாக்கியத் திரை படிப்பவருக்கு மட்டும். அவர் சத்தமாகப் படித்துவிட்டு டேப்பை எதிரே திருப்ப வேண்டும். வயல் திரையைப் பார்த்துத் தொடுவது மற்றவர். படிப்பவர் கையைக் காட்டவோ குறிப்புச் சொல்லவோ கூடாது. மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டால் படிக்கலாம். இந்த ஏற்பாட்டில் படிப்பவரின் வாசிப்பைத்தான் எதிரே இருப்பவர் நம்பியிருக்கிறார். "விடுன்னா, விடாதேன்னா? தெளிவாச் சொல்லு" என்று ஒரு சின்னப் பெண் தன்னைவிடப் பெரிய பையனைத் திருத்திக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒருவர் படிப்பதற்கு இன்னொருவர் காதுகொடுக்க ஒரு காரணம் இருந்தால், முணுமுணுப்பாகப் படிக்கும் பிள்ளைகூடக் குரலைத் திறக்கிறது.

சேறும் சோறும்

வாசிப்புச் செயல்பாட்டில் சரியான விடையை எழுதுவது சுலபம். பக்கத்தில் வைக்கும் தவறான விடைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கொக்குப் படத்தைக் காட்டி 'கொக்கு, யானை, பம்பரம்' என்று கொடுத்தால் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்தே போய்விடும். 'கொக்கு, கொம்பு, கொட்டு' என்று கொடுத்தால்தான் சொல்லின் நடுவுக்குப் போகும்.

எந்த எழுத்துகளில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துப் பட்டியல் எடுத்தோம். குறில் நெடில் குழப்பம் எதிர்பார்த்ததுதான்: படம், பாடம், கல், கால், மடு, மாடு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுவது அடுத்தது: வெட்டி, வேட்டி, தொடு, தோடு. அதிகமாக இருந்தது ஏகார, ஓகாரக் குழப்பம். இரண்டுக்கும் எழுத்தின் முன்னால் அதே இரட்டைக்கொம்புதான் வருகிறது. பின்னால் ஒரு கால் இருந்தால் ஓகாரம், இல்லாவிட்டால் ஏகாரம். முன்னாலிருக்கும் கொம்பைப் பார்த்ததுமே பிள்ளையின் வாய் திறந்துவிடுகிறது, பின்னாலிருக்கும் காலுக்குக் கண் வந்துசேர்வதில்லை.

அதற்காகச் செய்ததுதான் 'கால் வை' என்ற செயல்பாடு. திரையில் 'சேறு' என்ற சொல். கீழே வயல் சேற்றின் படம். ஓரத்தில் ஒரு துணைக்கால் நிற்கும். பிள்ளை அதை விரலால் இழுத்து 'சே'க்குப் பக்கத்தில் வைத்தால் சொல் 'சோறு' ஆகும், சேறு இருந்த இடத்தில் தட்டு நிறையச் சோறு வரும். காலை எடுத்தால் மறுபடி சேறு. தேள், தோள், சேலை, சோலை என்று வரிசையாக வரும். சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும் என்று ஊரில் சொல்வார்களே, அதை டீச்சர் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப்பிறகு நோட்டில் 'சோறு' எழுதும்போது "கால் வச்சியா?" என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த படியில் இழுப்பது கிடையாது. படம் இருக்கும், இரண்டு சொற்கள் இருக்கும், தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கடுத்து வாக்கியம்: "தேளைத் தொடாதே", "தோளைத் தொடு". அந்த வாக்கியம் வந்தால் பிள்ளைகள் டேப்பை வைத்துவிட்டு எழுந்து ஒருவர் தோளை ஒருவர் தொடுகிறார்கள். தொடட்டும். திரையை விட்டு எழ வைக்கும் வாக்கியம் நல்ல வாக்கியம்.

ல, ள, ழ குழப்பத்தை இப்போதைக்குத் தொடவில்லை. உச்சரிப்பே வீட்டுக்கு வீடு வேறுபடும்போது ஏழு வயதில் அதைத் திரை தீர்த்துவைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எழுத்து உடையும் இடம்

தமிழில் இந்த வேலை செய்ய நினைக்கும் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சொல்லை எழுத்தெழுத்தாகத் தோன்றவைக்கும் ஆயத்தக் கருவிகள் பல கிடைக்கின்றன. அவற்றில் 'கொக்கு' என்று கொடுத்தால் என்ன நடக்கிறது? நம் கண்ணுக்கு அது கொ, க், கு என்று மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோடு) முறையில் அது க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. கருவி குறியீடு குறியீடாகக் காட்டினால் திரையில் முதலில் 'க' வரும், அது 'கொ' ஆகும், பிறகு 'கொக', 'கொக்', 'கொக்க', கடைசியில் 'கொக்கு'. சொல்லில் இல்லாத எழுத்துகள் எல்லாம் மின்னி மறையும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனி நிறம் கொடுத்தால் இன்னும் மோசம். குறி தனியாகப் பிரிந்து, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு நிற்கும். "டீச்சர், இது என்ன எழுத்து?" என்று ஒரு பிள்ளை அந்த வட்டத்தைக் காட்டிக் கேட்டது. எழுத்தே இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளை அதையும் ஓர் எழுத்து என்றுதானே நினைக்கும்?

இதற்கு வழி இருக்கிறது. மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் ஒரே எழுத்தாகச் சேர்த்துப் பிரிக்கும் விதி ஒருங்குறியிலேயே உண்டு. இப்போதைய உலாவிகளில் அதற்கான வசதி உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. நிரல் எழுதுபவரிடம் 'குறியீட்டை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நிரல் எழுத ஆள் இல்லாவிட்டால் எழுத்தெழுத்தாகக் காட்டும் ஆசையை விட்டுவிட்டுச் சொல் சொல்லாகக் காட்டுவது நல்லது.

தட்டச்சிலும் ஒரு கண்ணி. 'கௌதாரி' என்று எழுத ஔகாரக் குறியைப் போடாமல், எகரக் கொம்பையும் ளகரத்தையும் அடித்து 'கெளதாரி' ஆக்கிவிடுவது பரவலாக நடக்கிறது. பார்க்க ஒன்றுபோலத் தெரியும். கணினிக் குரல் அதை 'கெ-ள-தாரி' என்று படிக்கும். சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. அப்புறம் ஒருங்குறி அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் டீச்சர்கள் முன்பு அடித்து வைத்திருந்த பயிற்சித்தாள்கள். டேப்பில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக வரும். எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே கையில் எடுத்தோம்.

சொல்லின் நீளமும் திரையில் பெரிய விஷயம். 'பறந்துகொண்டிருந்தது' என்ற ஒரு சொல், பிள்ளைக்கு ஏற்ற பெரிய எழுத்தில் டேப்பின் ஒரு வரியில் அடங்காமல் கடைசி 'து' மட்டும் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். மொட்டு நிலைக்கு 'பறந்தது' போதும். ஒரு வரியில் ஒரு கருத்து முடிகிற மாதிரி வரியை நாமே உடைத்துக் கொடுத்தோம். திரை உடைப்பதற்கு விட்டுவிடவில்லை.

யார் குரல்?

கேட்டுக்கொண்டே வரியைப் பின்தொடரும் கதைகளும் வேண்டும். மொட்டு நிலையில் அது பெரிய உதவி. கதைகளுக்காக அலைய வேண்டியதில்லை. சிறுவர் நூல்களை வெளியிடும் ப்ரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். உரிமம் திறந்தது, ஆக்கியோர் பெயரைச் சொல்லி நம் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். படிக்கும் வாக்கியம் நிறம் மாறி ஒளிர்வதற்குப் புளூம் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினோம். வாக்கியம் வாக்கியமாக நம் குரலைப் பதிவு செய்தால் அது பொருத்திக் கொடுத்துவிடும். இணையம் இல்லாமலும் ஓடும்.

கணினிக் குரலைத் தவிர்த்தோம். உச்சரிப்பு பரவாயில்லை, ஆனால் கேள்விக்கும் வியப்புக்கும் ஒரே தொனி. கதைசொல்லும் வரிகளை டீச்சர் படித்தார். உரையாடலுக்கு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனையும் அவனுடைய அப்பாயியையும் (அப்பாவின் அம்மா) கூப்பிட்டோம். அப்பாயிக்கு எழுத்து தெரியாது. வரியைச் சொல்லச் சொல்லக் கேட்டு, "டேய், மடையத் தொறந்துட்டியா?" என்று அவர் தன் பாணியில் சொன்னபோது எங்களுக்கே வயலில் நிற்பது போல இருந்தது.

பேச்சுத்தமிழை அப்படியே அச்சில் போடலாமா என்பதில் டீச்சர்களிடையே கருத்து வேறுபாடு வந்தது. "இதைப் பார்த்துட்டு நோட்டுலயும் 'தொறந்துட்டியா'ன்னு எழுதிடுவாங்க" என்றார் ஒருவர். நியாயமான கவலைதான். பிள்ளையின் வாயில் நாத்து, திரையில் நாற்று. வாயில் வைக்கோலு, திரையில் வைக்கோல். இந்த இடைவெளியைத் தாண்டுவதுதான் தமிழில் வாசிக்கக் கற்பதன் பாதிப் பாடு. முடிவில் ஓர் ஒழுங்கு வைத்தோம். கதைசொல்லும் வரிகள் எல்லாம் எழுத்துத்தமிழ். யாராவது பேசினால் அது பேச்சுக்குமிழுக்குள், பேசுகிறபடியே. பிள்ளைகள் ஒரு கதையிலேயே பிடித்துக்கொண்டார்கள். குமிழுக்குள் இருப்பதை நடித்துப் படிக்கிறார்கள், வெளியே இருப்பதை நிதானமாகப் படிக்கிறார்கள்.

பிள்ளை படிப்பதைக் கேட்டு மதிப்பிடும் வசதியைச் சேர்க்கவில்லை. நாற்று என்பதை 'நாத்து' என்று படிக்கும் பிள்ளைக்குச் சொல் தெரிந்திருக்கிறது, பொருளும் தெரிந்திருக்கிறது. அதைத் தவறென்று ஓர் இயந்திரம் சொல்வதைவிட, டீச்சர் கேட்டுவிட்டு "சரி, இப்ப எழுத்துல இருக்கற மாதிரி படி" என்பது எவ்வளவோ மேல். அதற்காகக் கதையின் சில வரிகளில் கடைசிச் சொல்லுக்கு முன் குரல் நின்றுவிடும்படி வைத்தோம். பிள்ளை அந்தச் சொல்லைத் தானே படித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் குரல் அதைச் சொல்லும். ஒத்துப்போனால் அந்த முகத்தில் வரும் மகிழ்ச்சியே போதும்.

'ஈரம்னு எடுக்கல'

எல்லாச் செயல்பாடுகளிலும் பிள்ளைகள் தாங்களாகவே திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தது அவர்களே செய்த புத்தகத்தைத்தான்.

குறுவை அறுவடை முடிந்து மழை தொடங்கும் நேரம். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடந்தது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பார்கள் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலிருந்தே அங்குள்ள பிள்ளைகளுக்கு அத்துப்படி. டீச்சர் ஒரு நாள், "வீட்டுல என்ன நடக்குது, ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்க" என்றார். சொல்லச் சொல்ல அவர்கள் கண்முன்னாலேயே பெரிய திரையில் தட்டச்சு செய்தார். "எங்க நெல்லு களத்துல கெடக்கு." "மழ வந்துருச்சு." "தார்ப்பாய் போட்டு மூடுனோம்." "ஈரம்னு எடுக்கல." "அப்பா ராத்திரி அங்கேயே படுத்துக்கிட்டாங்க."

ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம். இடப்பக்கம் பிள்ளை சொன்னபடி குமிழுக்குள், வலப்பக்கம் எழுத்துத்தமிழில்: "எங்கள் நெல் களத்தில் கிடக்கிறது." படங்களை அவர்களே டேப்பில் எடுத்தார்கள். மூடிய தார்ப்பாய், ஈரமான சாக்கு, நெல்லை அள்ளும் கைகள். யார் முகமும் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். சொன்ன பிள்ளையின் குரலிலேயே பதிவு.

இந்தப் புத்தகத்தை அவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்களா, படிக்கிறார்களா என்ற சந்தேகம் எங்களுக்கு வந்தது. வரிகளைக் கலைத்து, படங்களை எடுத்துவிட்டு, அதே சொற்களால் புது வாக்கியங்கள் செய்து கொடுத்தோம்: "அப்பா தார்ப்பாய் போட்டார்." "நெல் ஈரம் இல்லை." மொட்டு நிலையில் இருந்த பெரும்பாலான பிள்ளைகள் படித்தார்கள். 'ஈரம் இல்லை' என்ற வரியைப் படித்த ஒரு சிறுமி நிமிர்ந்து, "அப்ப எடுத்துக்கிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் எழுத்தை மட்டும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எது நகர்ந்தது, எது நகரவில்லை

மொட்டு நிலைப் பிள்ளைகளிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. முதல் எழுத்தை வைத்துச் சொல்லை ஊகிக்கும் பழக்கம் குறைந்தது. வாக்கியத்தை முடிவு வரை படித்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள். காகிதப் புத்தகத்திலும் அது தொடர்கிறது. பள்ளிகளுக்கான அரசின் வாசிப்பு இயக்கத்தில் எளிய நிலைகளான 'நுழை', 'நட' ஆகியவற்றின் சிறு நூல்களை எடுக்கும்போது விரலை வரியின் கடைசி வரை ஓட்டுகிறார்கள்.

அரும்பு நிலையில் திரை பெரிதாக உதவவில்லை. சில எழுத்துகளே தெரிந்த பிள்ளைக்கு மடை விளையாட்டில் செய்ய ஒன்றுமில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தொடுவதுதான் நடந்தது. அவர்களை டேப்பிலிருந்து எடுத்து, டீச்சர் அருகில் உட்கார்ந்து எழுத்தட்டையும் மணலுமாகச் சொல்லிக் கொடுப்பதே பலன் தந்தது. கொஞ்சம் எழுத்துகள் கைவந்த பிறகு 'கால் வை'யிலிருந்து தொடங்கினார்கள். மலர் நிலையில் இருப்பவர்களுக்கு மடை விளையாட்டு சீக்கிரம் அலுத்துவிட்டது. அவர்களுக்கு மற்றவர்களுக்காக வாக்கியம் எழுதும் வேலையைக் கொடுத்தோம். "பெரியம்மா வயலுக்கு விடாதே என்று மாமா சொன்னார். நீ விடு" என்று ஒரு சிறுமி எழுதிய வாக்கியம் டீச்சர்களையே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டது.

திட்டத்தில் இல்லாத ஒரு நன்மையும் கிடைத்தது. ஒரு பையன் டேப்பை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தே படித்தான். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் டீச்சர் காட்டினார். பார்வைக் குறைபாடு. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான்.

வீட்டுக்கு அனுப்புவது பாதிக்கிணறுதான் தாண்டியிருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் கதைக்கோப்பை அனுப்பினால், போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு திரும்பும். அதற்குள் சின்னதுகள் தூங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சில வீடுகளில் படித்திருக்கிறார்கள். அதில் பாதி, எழுத்து தெரியாத அப்பாயிகளுக்குப் படித்துக் காட்டியது.

வேதாரண்யம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் இந்தக் கோப்புகளைக் கேட்டிருக்கிறார். 'கால் வை'யை அப்படியே கொடுத்துவிட்டோம். மடை விளையாட்டை அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. அங்கே பிள்ளைகள் கண்ணில் படுவது உப்பளமும் கடலும். எதிரெதிராக உட்காரும் விதி, இடம் மாறும் பெயர்கள், வினையில் முடிவு தெரியும் வாக்கியம் ஆகிய மூன்றும் மாறாது. வயலுக்குப் பதில் உப்புப் பாத்திகள் வரும். எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டும், எதற்கு விட்டால் விளைந்த உப்பு கரைந்துபோகும் என்பதை அங்குள்ள பிள்ளைகளிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களில் எழுதி அனுப்பும்படி அந்த டீச்சரிடம் சொல்லியிருக்கிறோம். அது வந்தபிறகு படம் வரையத் தொடங்குவோம்.